உதவிக்கு விலை மானமா?

தொண்டு நிறுவனங்களின் ஆண்டு விழாக்களில் ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடுகிறது. “உதவி கேட்டு வருகிறவர்களுக்கு ரகசியம் என்ன வேண்டிக்கிடக்கிறது? நாம் என்ன வங்கியா, வக்கீல் ஆபீஸா? சேவைக்கு வெளிப்படைத்தன்மைதான் அழகு.” உடனே கைதட்டல். பேசுகிறவர் அறங்காவலர், கைதட்டுகிறவர்கள் நன்கொடையாளர்கள். ஆலோசனை மையத்தின் படியேறி வந்து, சொந்தத் தாயிடம்கூடச் சொல்லாததைச் சொல்லிவிட்டுப் போன பெண்ணை இதுபற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வருடக்கணக்காக இந்தப் பேச்சைக் கேட்டு வயிறு எரிந்தவன் என்ற முறையில் பதில் சொல்லிவிடுகிறேன்.

அந்தரங்கம் என்பதே மேல்நாட்டிலிருந்து வந்த சமாச்சாரம் என்கிறார்கள். 1994-ல் உச்ச நீதிமன்றம் அந்தரங்க உரிமையைப் பற்றித் தெளிவாகப் பேசியது நம் நக்கீரன் பத்திரிகை வழக்கில்தான். கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடலாமா கூடாதா என்பது வழக்கு. பத்திரிகைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த அதே நீதிமன்றம், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரை, அது அரசு ஆவணத்திலேயே இருந்தாலும், விளம்பரப்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். இவ்வளவும் இந்த மண்ணில் நடந்ததுதான்.

“நாங்கள் லாபம் பார்க்காதவர்கள், எங்களுக்கு எதற்குச் சட்டம்?” என்பது அடுத்தது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தொண்டு நிறுவனம் என்பதற்காகத் தனி விலக்கு எதுவும் இல்லை. விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

இவற்றைவிட என்னைக் கொதிக்க வைப்பது மூன்றாவது வாதம்: “ஊருக்கே தெரிந்த விஷயம்தானே, இதிலென்ன ரகசியம்?”

இப்படிச் சொல்கிறவர் தன் மையத்தின் வரவேற்பு மேசையை ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். நீளமான நோட்டு ஒன்று திறந்தபடி கிடக்கும். நூலில் கட்டிய பேனா. ஸ்கேலால் கோடு போட்ட கட்டங்கள்: வரிசை எண், தேதி, பெயர், கணவர் அல்லது தந்தை பெயர், ஊர், செல் நம்பர், வந்த காரணம், கையெழுத்து. ‘வந்த காரணம்’ என்ற அந்தக் கட்டத்தைப் படியுங்கள். ‘கணவன் குடி, அடி’. ‘கந்துவட்டி’. ‘மாத்திரை வாங்க உதவி, எச்ஐவி’. அடுத்து வருகிறவர் கையெழுத்துப் போடக் குனியும்போது, மேலே உள்ள வரிகள் அத்தனையும் அவர் கண்ணில் படும்.

ஒரு மையத்தில் என் கண்ணெதிரே நடந்தது இது. பட்டா விஷயமாக வந்த ஒருவர் நோட்டின் மேல் குனிந்தார், நிமிரவில்லை. விரல் வரி வரியாக மேலே போனது. ஓரிடத்தில் நின்றது. “ஏ, இங்க பாரு, நம்ம மேலத்தெரு பிள்ள இங்க வந்திருக்கு” என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மாள் காரணத்தையும் வாய்விட்டே படித்தார். வரவேற்பில் இருந்த பெண் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. தாலுகா தலைநகரத்து மையம் அது. சுற்றியுள்ள ஏழெட்டு ஊர்க்காரர்கள்தான் வருவார்கள். அந்த ஊர்களில் ஒருவருக்கொருவர் மாமன், மச்சான், சம்பந்தி. அந்தச் சேதி மேலத்தெருவுக்குப் போய்ச்சேர அடுத்த பஸ் போதும்.

ஊருக்கு என்ன தெரியும்? நோட்டில் எழுதிய பெண்ணின் கணவன் குடிப்பான், அடிப்பான் என்பது தெரியும். அவள் வழக்குப் போட முடிவெடுத்துவிட்டாள் என்பது தெரியாது. இப்போது எந்த அக்கா வீட்டில் தூங்குகிறாள், பிள்ளையை எந்தப் பள்ளிக்கு மாற்றியிருக்கிறாள், நகையை யார் பேரில் அடகு வைத்தாள் என்பதெல்லாம் தெரியாது. ஊருக்குத் தெரியாத அந்த மிச்சத்தைத்தான் அவள் நம்மிடம் சொல்கிறாள். அடிக்கிறவனை விட்டுப் பெண் பிரிந்து போகிற சமயம்தான் ஆபத்து கூடுதலான சமயம் என்பது இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்தச் சமயத்தில் அவள் இருக்குமிடம் கசிந்தால் என்ன நடக்கும் என்று மேடையில் பேசுகிறவர் யோசித்திருக்கிறாரா? 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, தேவைப்பட்டால் நீதிபதியே கதவைச் சாத்திக்கொண்டு வழக்கை விசாரிக்கலாம். நம் வரவேற்பு மேசையிலோ நோட்டு திறந்து கிடக்கிறது. ஒருவரின் எச்ஐவி நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவதை 2017-ன் எச்ஐவி சட்டம் தடுக்கிறது. அந்தப் பதிவேடுகளைப் பாதுகாக்கும் கடமையையும் நிறுவனத்தின் தலையில் வைத்திருக்கிறது. அதையும் பேனாவால் எழுதித் திறந்து வைத்திருக்கிறோம்.

நோட்டோடு முடிந்தால் பரவாயில்லை. மனுவையும் ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸையும் செல்போனில் படமெடுத்து, “யாராச்சும் வக்கீல் இருந்தா பாருங்க” என்று தன்னார்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். வேலையை விட்டு எப்போதோ போனவர்களும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். அவர்கள் செல்போன் நாளை ரிப்பேர் கடைக்குப் போகும். பழைய மனுக்கள் வருடக் கடைசியில் எடைக்குப் போடப்படுகின்றன. அந்தத் தாளில் யார் எதைப் பொட்டலம் கட்டுவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

நன்கொடையாளருக்கு அத்தாட்சி காட்ட வேண்டாமா என்கிறார்கள். காட்டுங்கள், தணிக்கை செய்த கணக்கைக் காட்டுங்கள். வெளிப்படையாக இருக்க வேண்டியது நிறுவனத்தின் வரவு செலவு. ஆண்டறிக்கையில் ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்று போட்டுவிட்டு, ஊர் பெயர், கணவன் லாரி டிரைவர், மூன்று பெண் குழந்தைகள், கடைசிக் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்று எழுதினால் யாருக்கு அடையாளம் தெரியாது? பாலியல் குற்ற வழக்குகளில் பெயரை மட்டுமல்ல, ஆளை அடையாளம் காட்டக்கூடிய எந்த விவரத்தை வெளியிட்டாலும் குற்றம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவு. தண்டனை இரண்டு ஆண்டு வரை. பழைய சட்டத்திலும் 1983 முதல் இது இருந்தது. அறிக்கை எழுதுகிறவர்கள் இதைப் படிக்காமலே நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

“கையெழுத்து வாங்கித்தானே போடுகிறோம்” என்பது கடைசி அஸ்திரம். ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்குவது சம்மதமாகாது. எட்டாவது அட்டவணையின் எந்த மொழியிலும் அறிவிப்பைக் கேட்டுப் பெறலாம் என்கிறது புதிய தரவுச் சட்டம்; தமிழ் அதில் இருக்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. உதவிக்கு வந்தவள் எதிரில் நிற்கும்போது பேனாவை நீட்டினால், அவள் எதில்தான் கையெழுத்துப் போட மாட்டாள்?

மையங்களை நடத்துகிறவர்களே, ‘வந்த காரணம்’ என்ற கட்டத்தை இன்றே அடித்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு எண், ஆளுக்குத் தனித் தாள், பூட்டுப் போட்ட பீரோ. இதற்கு எந்த நன்கொடையும் தேவையில்லை. உதவி தேடிப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள், ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் அதை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நீங்கள் சொல்வதை யார் யார் படிப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.