தோற்பாவைக்கு இருந்தது, கோச்சடையானுக்கு இல்லாதது

சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கி 2014 மே 23 அன்று வெளிவந்த 'கோச்சடையான்' நெஞ்சைத் தொடாமற் போனதற்கு, உயிர்ப்பற்ற கணிப்பொறி முகங்களே காரணம் என்பர் பலர். இதனை நாம் ஏற்பதற்கில்லை.

நாஞ்சில் நாட்டுத் தோற்பாவைக் கூத்தை எண்ணிப் பாருங்கள். தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய சீதையின் முகம் இமைப்பதுண்டா? வெள்ளைத் திரை, பின்னே ஒரு விளக்கு, எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒருவரே குரல்; அவ்வளவே. ஆயினும் கூட்டம் கண்கலங்குகிறது. உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இடையே புகுந்து சிரிக்க வைத்தாலும் அத்துயரம் கலைவதில்லை. ஏன்? பல இரவுகள் நீளும் கூத்தில் ஒவ்வொரு துயரமும் ஊறி முதிர அவகாசம் பெறுகிறது.

கோச்சடையானிலும் அரிய கரு உண்டு. நஞ்சுண்ட வீரர்களின் உயிர் காக்க, அவர்களைப் பகைவனிடம் அடிமைகளாக விட்டுவருகிறான் தளபதி. அந்த இரக்கமே துரோகமெனத் தீர்ப்பாகி, அவனுக்குக் கொலைத் தண்டனை கிடைக்கிறது. கே.எஸ். ரவிக்குமாரின் கதையில் அமைந்த இந்த அறச்சிக்கலை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். 2009இல் மறைந்த நாகேஷைத் திரையில் மீண்டும் நடமாட விட்ட துணிவையும் மறுக்கவில்லை.

ஆனால், அடிமைப்பட்ட அவ்வீரர்கள் வெறுந்திரளாகவே நின்றுவிட்டனரே! இரண்டு மணி நேரத்துக்குள் பாட்டும் போரும் முண்டியடிக்க, அவர்களுள் ஒருவனுடைய ஏக்கத்தையேனும் நம்மோடு வாழ விட்டார்களா? தளபதியின் நெஞ்சில் நிகழ்ந்த போராட்டத்துக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கினார்கள்?

குறை கருவியில் இல்லை. கதை சொல்லும் பொறுமையில் இருக்கிறது. புதிய பொறிகளைத் தேடுவோர், முதலில் நாகர்கோவில் பக்கத்துப் பாவைக்கூத்தர் ஒருவரிடம் சில இரவுகள் பாடம் கேட்கட்டும்.