நிழல் பகர்ந்த சாட்சியம்



மறைபரப்புப் பணி என்றதும் மறையுரையும் திருமுழுக்குமே நம் நினைவுக்கு வருகின்றன. சீனப் பேரரசரின் அவையிலோ, நட்டுவைத்த ஒரு கோலின் நிழல் திருச்சபைக்காகச் சாட்சி பகர்ந்தது.

ஜெர்மானியரான இயேசு சபைக் குரு ஆதாம் ஷால், 1644ஆம் ஆண்டின் சூரிய கிரகணத்தைச் சரியாகக் கணித்துக் கூறினார். பீகிங் நகரின் அரச வானியல் துறைக்குத் தலைவரானார். நல்ல நாள் பார்த்தே அரச காரியங்கள் நடைபெற்ற அந்நாட்டில், பஞ்சாங்கம் வகுப்பது பெரும் பொறுப்பாகும். இளம் பேரரசர் ஷுன்சி அவரை மஞ்சு மொழியில் 'மாஃபா', அதாவது 'தாத்தா' என்றே அழைத்தார்.

பேரரசர் 1661இல் மறைந்ததும் நிலைமை மாறிற்று. 1664இல் யாங் குவாங்சியான் என்பவர் குருக்கள்மீது அரசத் துரோகக் குற்றம் சாட்டினார். அவர்தம் வானியலும் பிழை என்றார். எழுபத்திரண்டு வயதான ஷால், பக்கவாதத்தால் பேச்சிழந்து தவித்தார். உடன் விலங்கிடப்பட்டிருந்த இளைய குரு பெர்டினாந்து வெர்பீஸ்ட் அவருக்காக வாதாடினார். எனினும் 1665இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வேளை தலைநகரை நிலநடுக்கம் உலுக்கவே, அதனை வானத்தின் எச்சரிக்கையென அஞ்சினர். ஷால் உயிர் தப்பினார். ஆனால் அவரோடு உழைத்த சீனக் கிறிஸ்தவ வானியலார் ஐவர் தலை துணிக்கப்பட்டனர். அயல்நாட்டுக் குருக்களைப் போற்றும் நாம், இவ்வைவரையும் மறத்தலாகாது.

1666ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், தேவ அன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, பழி நீங்காமலேயே ஷால் இறைவனடி சேர்ந்தார்.

1668 டிசம்பரில், பதினான்கே வயதான பேரரசர் காங்சி ஒரு சோதனை வைத்தார். நண்பகலில் கோலின் நிழல் எதுவரை விழும் என முன்கூட்டியே குறிக்க வேண்டும். மூன்று நாள்களும் வெர்பீஸ்ட் குறித்த இடத்தில் நிழல் விழுந்தது. 1669இல் வானியல் துறை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது; ஷாலின் சிறப்புகளும் மீட்டளிக்கப்பட்டன. வெர்பீஸ்ட் அமைத்த ஆறு வெண்கலக் கருவிகள் அந்நகரின் பழைய வான்நோக்கு நிலையத்தில் இன்றும் நிற்கின்றன.

பெற்றோரே, பிழையறச் செய்த ஒரு கணக்கு நீதிமன்றம் மறுத்த நீதியைப் பெற்றுத் தந்தது. கடையில் தராசு பிடிப்பவரும், அலுவலகத்தில் ஏடு எழுதுபவரும், பாடம் பயிலும் சிறுவரும் தத்தம் பணியில் உண்மையாயிருப்பின், அதுவும் நற்செய்தி அறிவிப்பேயாம். இன்று உங்கள் குடும்பச் செபத்தில், தலை கொடுத்த அவ்வைவரையும் நினைவுகூருங்கள்.