ஒன்பது நாள் போதும், ஓர் இரவு போதாது: நேர மண்டலப் பயணமும் வீரர்களின் ஆட்டத்திறனும்

புனே: ஜப்பானின் ஐச்சி–நகோயாவில் 2026 செப்டம்பர் 19-ஆம் தேதி தொடங்கும் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான இந்திய அணியில், வழக்கம்போல் புனேயில் பயிற்சி பெற்றவர்களும் இடம்பெறுவர். ராணுவ விளையாட்டு நிறுவனமும் பாலேவாடியிலுள்ள சிவ் சத்ரபதி விளையாட்டு வளாகமும் இந்நகரில்தான் உள்ளன. இத்தகைய போட்டிகளுக்கு முன் எத்தனை பதக்கம் கிடைக்கும் என்ற பேச்சு எங்கும் எழுகிறது. வீரர்கள் எத்தனை நாள் முன்னதாகச் சென்று இறங்குகின்றனர் என்பது பேச்சில் அடிபடுவதே இல்லை. பதக்கக் கணக்கில் அதற்கும் பங்குண்டு என்பதை அமெரிக்கக் கூடைப்பந்துக் களத்தில் நடந்த ஆய்வுகள் உணர்த்துகின்றன.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள் ஆட வேண்டும். நான்கு நேர மண்டலங்களில் பரவிக் கிடக்கும் நகரங்களுக்கு இடையே, இரவு ஆட்டம் முடிந்ததும் தனி விமானத்தில் ஏறி விடியற்காலையில் அடுத்த ஊரில் இறங்குவது இவ்வணிகளின் வாடிக்கை. லாஸ் ஏஞ்சலிஸுக்கும் பாஸ்டனுக்கும் இடையே மூன்று மணி நேர வேறுபாடு உண்டு. கேட்பதற்கு இது சிறிய வேறுபாடுதான். ஆனால் அதைச் சரிசெய்துகொள்ள வீரருக்குக் கிடைப்பது சில வேளைகளில் ஓர் இரவு மட்டுமே.

அந்த லீக்கின் 10 பருவங்களில் நடந்த 11,000-க்கும் மேற்பட்ட ஆட்டங்களை அலசி 2022-இல் வெளியான ஆய்வின் முடிவு எதிர்பாராதது. மேற்கே சென்று ஆடிவிட்டுக் கிழக்கு நோக்கி வீடு திரும்பிய அணிகள், சொந்த மண்ணில் ஆடியபோதே தடுமாறின. அவற்றின் வெற்றி விகிதம் ஏறத்தாழ 6 விழுக்காடு குறைந்தது. பந்தைக் கூடையில் போடும் துல்லியமும் சரிந்தது. மேற்கு நோக்கிய பயணத்தில் இத்தகைய பாதிப்பு தென்படவில்லை. சொந்த ரசிகர்களின் ஆரவாரம் எவ்வளவு இருந்தாலும், கிழக்கு நோக்கிய பயணத்தின் அசதியை அது முழுமையாக ஈடுசெய்யவில்லை. பேஸ்பால் ஆட்டங்களின் 20 ஆண்டு விவரங்களை ஆராய்ந்து 2017-இல் வெளியான மற்றோர் ஆய்வும் கிழக்குப் பயணமே கூடுதல் கெடுதல் செய்வதாகக் கண்டது.

கிழக்கு என்ன பாவம் செய்தது? மனிதனின் உடல் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுகிறது. ஆகவே, வழக்கத்தைவிடத் தாமதமாக உறங்குவது உடலுக்கு எளிது; முன்கூட்டியே உறங்குவது கடினம். மேற்கே செல்பவரின் நாள் நீள்கிறது, கிழக்கே செல்பவரின் நாள் சுருங்குகிறது. கிழக்குப் பயணத்தில் ஒரு மணி நேர வேறுபாட்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்ற கணக்கில் உடல் பழகுகிறது என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவுகோல். பெரும்பாலானோருக்கு உடல் வெப்பமும் தசைவலிமையும் பிற்பகலின் பிற்பகுதியிலும் மாலையிலும் உச்சத்தில் இருக்கும்; விடியலுக்கு முன் தாழ்ந்திருக்கும். இந்தக் கடிகாரத்தின் மூலக்கூறு இயக்கத்தைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2019 அக்டோபர் 4, 5 தேதிகளில் மும்பை வொர்லியிலுள்ள என்எஸ்சிஐ அரங்கில் சாக்ரமெண்டோ கிங்ஸ், இண்டியானா பேசர்ஸ் அணிகள் மோதின. இந்தியாவில் நடைபெற்ற முதல் என்பிஏ ஆட்டங்கள் அவை. கிங்ஸ் அணியின் உரிமையாளர் விவேக் ரணதிவே மும்பையில் பிறந்தவர். சாக்ரமெண்டோவுக்கும் மும்பைக்கும் அப்போது பன்னிரண்டரை மணி நேர வேறுபாடு. இண்டியானாபொலிஸுக்கு ஒன்பதரை மணி நேரம். பகலும் இரவும் அப்படியே தலைகீழானது கிங்ஸ் அணிக்குத்தான். முதல் ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் 132–131 என்றும், அடுத்த ஆட்டத்தில் 130–106 என்றும் பேசர்ஸ் வென்றது.

அதற்குப் பின் நடந்தது சுவையானது. ஊர் திரும்பிய கிங்ஸ், பருவத்தின் முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது. பேசர்ஸும் முதல் மூன்றில் தோற்றது. இந்தியப் பயணமே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கணக்கு அதற்கு இடம் தரவில்லை. மும்பை ஆட்டங்களுக்கும் பருவத் தொடக்கத்துக்கும் இடையே இரண்டரை வாரங்கள் இருந்தன. பன்னிரண்டரை மணி நேர மாற்றமாயினும் அதற்குள் உடல் தேறியிருக்கும். பயணத்தால் இழந்த பயிற்சி நாள்களைக் காரணமாகச் சொன்னால் ஓரளவு ஏற்கலாம். உடல் கடிகாரத்தின்மீது பழிபோட முடியாது.

இதே பாடத்தைப் புனேயின் டென்னிஸ் களம் இன்னும் தெளிவாகத் தருகிறது. 1997 முதல் 2017 வரை சென்னை நுங்கம்பாக்கத்தில் நடந்த ஏடிபி போட்டி 2018-இல் பாலேவாடிக்கு இடம்பெயர்ந்ததைத் தமிழ் ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2018, 2019, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளில் அது ஜனவரி முதல் வாரத்தில், ஆஸ்திரேலிய ஓபனுக்குச் சற்று முன்னதாக நடந்தது. புனேயைவிட மெல்பர்ன் அப்போது ஐந்தரை மணி நேரம் முந்தியிருக்கும். பயணமோ கடினமான கிழக்குத் திசையில்.

அந்த மூன்று ஆண்டுகளிலும் புனே இறுதியாட்டத்தில் ஆடியவர்களுள் ஒருவர்கூட மெல்பர்னில் மூன்றாம் சுற்றைத் தாண்டவில்லை. 2018-இல் இங்கே இறுதி வரை வந்த கெவின் ஆண்டர்சன் அங்கே முதல் சுற்றிலேயே வெளியேறினார். 2019-இல் இங்கே பட்டம் வென்ற அவர் அங்கே இரண்டாம் சுற்றில் தோற்றார். பார்த்தவுடன் புனே மீது ஐயம் எழும். ஆயினும் மூன்று ஆண்டுகளும் புனே இறுதியாட்டத்துக்கும் மெல்பர்ன் தொடக்கத்துக்கும் இடையே ஒன்பது நாள்கள் இருந்தன. ஐந்தரை மணி நேர மாற்றத்துக்கு அது போதும். 2018-இல் ஆண்டர்சனை வீழ்த்திய கைல் எட்மண்ட் அரையிறுதி வரை சென்றவர். 2019-இல் புனேயில் இரண்டாமிடம் பெற்ற இவோ கார்லோவிச்சுக்கு அப்போது வயது 39. இந்தத் தோல்விகளுக்குக் கடிகாரத்தைத் தேடிப் போகத் தேவையில்லை.

ஐயம் இன்னும் தீராதவர்கள் 2014-ஐ நினைவுகூரலாம். அவ்வாண்டு ஜனவரி 5-ஆம் தேதி சென்னையில் பட்டம் வென்ற ஸ்டான் வாவ்ரிங்கா, அதே மாதம் மெல்பர்னில் நடாலை வீழ்த்தித் தம் முதல் கிராண்ட்ஸ்லாம் பட்டத்தை வென்றார். அதே ஐந்தரை மணி நேரம், அதே கிழக்குத் திசை, அவர் கையில் இருந்ததோ ஒரு வாரத்துக்குச் சற்றே கூடுதலான அவகாசம். எனவே தொலைவைவிட, இறங்கியபின் கிடைக்கும் நாள்களே முடிவு செய்கின்றன. என்பிஏ வீரர்களுக்கு மூன்று மணி நேரம் சுமையானது, அந்த நாள்கள் அவர்களுக்கு வாய்க்காததால்தான்.

நகோயாவுக்குச் செல்லும் புனே வீரர்களுக்கு இது ஏன் முக்கியம் என்பதை ஓர் ஒப்பீடு விளக்கும். பாலேவாடியில் நெடுங்காலம் பயிற்சி பெற்ற கோலாப்பூரின் ஸ்வப்னில் குசாலே, பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் வெண்கலம் வென்றார். 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நடந்த அந்த இறுதிச்சுற்று பிரான்ஸ் நேரப்படி காலை 9.30-க்குத் தொடங்கியது, இந்தியாவில் அப்போது பிற்பகல் 1 மணி. அதாவது, உடல் சிறிதும் பழகாமல் சென்றிருந்தால்கூட, நன்கு விழித்திருக்கும் வேளை அது. ஜப்பானுக்கும் இந்தியாவுக்கும் இடையிலும் அதே மூன்றரை மணி நேரம்தான். ஆனால் திசை வேறு. நகோயாவில் காலை 9.30 என்றால் இந்தியாவில் காலை 6 மணி. அந்த நேரத்தில் இலக்கைக் குறிபார்க்கும் வீரர், ஆயத்தப் பயிற்சிக்காக இந்திய நேரப்படி அதிகாலை நாலரைக்கே எழுந்திருக்க வேண்டும். தகுதிச்சுற்றுகள் பெரும்பாலும் காலையில்தான் நடைபெறும். முந்தைய நாள் வந்திறங்கிய வீரருக்கும் ஐந்து நாள் முன்பே வந்த வீரருக்கும் அங்கே வேறுபாடு தெரியும். புள்ளியின் பத்தில் ஒரு பங்கில் பதக்கம் கைமாறும் விளையாட்டு அது.

நம் பயிற்சியாளர்களுக்கு இது எளிதில் உறைக்காததற்கு ஒரு காரணம் உண்டு. நாடு முழுவதற்கும் ஒரே நேரம். புனேரி பல்தான் கபடி அணி நாட்டின் எந்த மூலைக்குச் சென்றாலும் கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. உள்நாட்டுப் பருவம் முழுவதும் கற்றுத் தராத ஒன்றை வெளிநாட்டுப் போட்டியன்று திடீரெனக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாரிஸுக்குச் சென்ற இந்தியக் குழுவுடன் தூக்க ஆலோசகர் ஒருவரும் அனுப்பப்பட்டது நல்ல மாற்றம்.

செய்ய வேண்டியவை செலவு மிகுந்தவையும் அல்ல. புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் நாளொன்றுக்கு அரை மணி அல்லது ஒரு மணி நேரம் முன்னதாக உறங்கி எழுதல், எழுந்தவுடன் வெயிலில் நிற்றல், மாலையில் கைப்பேசித் திரையைத் தவிர்த்தல் ஆகியவை பாலேவாடி விடுதியிலேயே இயலும். உறக்கத்தின் பயன் தனியாகவும் அளக்கப்பட்டுள்ளது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 11 கூடைப்பந்து வீரர்களைச் சில வாரங்கள் கூடுதலாக உறங்கச் செய்தபோது, அவர்களின் ஃப்ரீ த்ரோ துல்லியம் 9 விழுக்காடு உயர்ந்ததாக 2011-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. மாதிரி சிறியது, எனினும் நள்ளிரவு இணைப்பு விமானத்தில் வீரர்களை ஏற்றும் முன் அதிகாரிகள் எண்ணிப் பார்க்க இது போதும். புனேயிலிருந்து ஜப்பானுக்கு நேரடி விமானமும் இல்லை. வழியில் விமானம் மாறித்தான் செல்ல வேண்டும்.

பணம் தேவைப்படுவது மூன்று அல்லது நான்கு நாள் கூடுதல் தங்கலுக்குத்தான். ஏற்பாட்டாளர்கள் வழங்கும் தங்குமிடங்கள் போட்டிக்குச் சில நாள் முன்னரே திறக்கப்படும் என்பதால், அதற்கும் முன் செல்வோருக்கு வெளியே தங்குமிடமும் பயிற்சிக் களமும் ஏற்பாடு செய்ய வேண்டும். இது சம்மேளனங்களின் பொறுப்பு. நகோயாவுக்கு மூன்று நான்கு நாள் என்றால், 2028 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக்கு அது பத்து நாள்களுக்கு மேல் ஆகும். அங்கே இரவு 7 மணிக்கு ஓர் இறுதியாட்டம் தொடங்கும்போது புனேயில் மறுநாள் காலை 7.30 ஆகியிருக்கும்.