வடக்கே ஒரு மனை



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் இன்னும் கோப்பில் வைக்க மனம் வரவில்லை. மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கும் வாசகர் எழுதியது. தண்டையார்பேட்டையில் போக்கியத்துக்குக் குடியிருக்கிறார். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையிலிருக்கும் பணத்துக்கும் கிடைக்கிற கடனுக்கும் மணலி புதுநகர் பக்கம் அரை கிரவுண்டு மனை வாங்கலாம், அல்லது எர்ணாவூரில் ஒரு பழைய ஃபிளாட் பார்க்கலாம். சொந்தக்காரர்களோ, “வடக்கே கொண்டுபோய் ஏன் காசைக் கொட்டுகிறாய், தாம்பரம் தாண்டிப் பார்” என்கிறார்களாம். “மூன்று தலைமுறையாக இங்கேதான் இருக்கிறோம் சார். இங்கே வாங்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்கள்” என்று முடித்திருக்கிறார்.

வாங்கலாம். ஆனால் பத்திரத்தைப் படிப்பதுபோல அந்த மண்ணையும் படித்த பிறகு வாங்குங்கள். இந்தப் பக்கம் முழுவதும் அதைப் பற்றித்தான்.

முதலில் ஊரின் பெருமை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. அந்த நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. எம்.ஆர்.எஃப். நிறுவனம் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்து தொடங்கியது. என்ஃபீல்டு புல்லட் இந்தியாவில் தயாரான இடமும் திருவொற்றியூர்தான். அசோக் லேலண்டு லாரி எண்ணூரிலிருந்து வந்தது. நாட்டுக்கு வண்டியும் டயரும் உரமும் பெட்ரோலும் மின்சாரமும் கொடுத்த வட்டாரம் இது. தியாகராஜ சுவாமியும் வடிவுடை அம்மனும் இருக்கிற, பட்டினத்தார் அடங்கிய தலம். காசிமேட்டில் விடியற்காலையில் வஞ்சிரம் ஏலம் போகிற ஊர். வேலைக்கு நடந்து போய்விடலாம், கஷ்டம் என்றால் தெருவே கூடிவிடும். தாம்பரம் தாண்டி வாங்குகிறவருக்குச் சதுர அடிக் கணக்கில் இது எதுவும் கிடைக்காது.

2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு நிலவரமும் மாறிவிட்டது. ஒன்பது கிலோமீட்டர் பாதைதான். ஆனால் சுங்கச்சாவடியிலும் தேரடியிலும் நின்று பேருந்துக்குக் காத்திருந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. கூடவே “மெட்ரோவுக்கு ஐந்து நிமிடம்” என்கிற பலகைகளும் முளைத்தன. மேற்கே வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வந்ததும் அதன் இருபுறமும் மனைப்பிரிவுகள் போட்டுக் கல் நட்டுவிட்டார்கள். விலை ஏறுகிறது, அப்படியும் தெற்கைவிடக் குறைவுதான். அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது என்பதை வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

காகிதத்திலிருந்து ஆரம்பிப்போம். வில்லங்கச் சான்று எடுத்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது என்று பலரும் நிம்மதி அடைகிறார்கள். பதிவான பரிமாற்றங்கள் மட்டுமே அதில் வரும். நம் வாசகரே போக்கியத்தில் இருப்பவர். பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பதிவு செய்யாமலே லட்சக்கணக்கில் கைமாறும் போக்கியம் வடசென்னையில் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று அவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதனால் வீட்டைப் பார்க்கப் போகும்போது உள்ளே குடியிருப்பவரிடம் தனியாகப் பேசுங்கள். வாடகையா, போக்கியமா, எவ்வளவு கொடுத்திருக்கிறார், எப்போது கெடு என்று கேளுங்கள். மூலப்பத்திரத்தின் அசலைக் காட்டச் சொல்லுங்கள். நகல்தான் இருக்கிறது என்றால் அசல் எந்த வங்கியில் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

திருவொற்றியூரிலும் ராயபுரத்தின் பழைய தெருக்களிலும் இன்னொரு சிக்கல் உண்டு. கட்டடம் ஒருவருடையது, அடிமனை இன்னொருவருடையது. அடிமனைக்குச் சொந்தக்காரர் ஒரு கோயிலாகவோ அறக்கட்டளையாகவோ இருக்கலாம். தாத்தா காலத்திலிருந்து வரி கட்டுகிறோம், மின் இணைப்பு எங்கள் பேரில் இருக்கிறது என்று விற்பவர் சொல்வார், அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் வீட்டு வரி ரசீது மண்ணை உங்களுடையதாக்காது. அடிமனையில் கட்டிக் குடியிருப்பவர்களைக் காக்க 1921ஆம் ஆண்டின் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருந்தாலும், 1990களில் வந்த திருத்தத்துக்குப் பிறகு கோயில் நிலத்துக்கு அது செல்லாது. சார்பதிவாளரும் கோயில் நிலத்துக்குக் கிரயம் பதிய மாட்டார். கோயில் பக்கத்துத் தெரு என்றால் முதல் கேள்வியே அடிமனை யாருடையது என்பதாக இருக்கட்டும்.

மனை என்றால் சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகாரம் இருக்க வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்ட பிறகு, அந்த ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு மட்டும் வரன்முறை வந்தது. “வரன்முறை ஆகிவிடும், கவலைப்படாதீர்கள்” என்ற வாய்ச்சொல்லுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஆன பிறகு கொடுங்கள். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பதையும் முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது ‘அ’ பதிவேடு. கிராம நிர்வாக அலுவலரிடம் பார்க்கலாம், இணையத்திலும் எடுக்கலாம். உங்கள் மனையின் புல எண்ணும் அதைச் சுற்றியுள்ள எண்களும் என்ன வகைப்பாட்டில் இருக்கின்றன என்று அது சொல்லும். உப்பளம், ஓடை, கழுவெளி, புறம்போக்கு என்ற சொற்கள் அக்கம்பக்கத்தில் வந்தால் அங்கே நின்று யோசியுங்கள். எண்ணூர் முகத்துவாரமும் அதன் கழுவெளியும் கொசஸ்தலை ஆற்று வெள்ளத்தைத் தாங்கிக் கடலுக்கு விடுகிற இடங்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்கீழ் அவை காக்கப்பட வேண்டியவை. இருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பலும் மண்ணும் கொட்டி மேடாக்கப்பட்டன. உங்கள் மனையை நான்கடி உயர்த்தினால் அங்கே நின்ற தண்ணீர் பக்கத்திலுள்ள குப்பத்துக்குள் போகும். வாங்குகிறவர் நல்லவராக இருந்தும் இது நடக்கும்.

தண்ணீரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். மணலி புதுநகரில் வெள்ளம் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை. பூண்டி நீர்த்தேக்கத்தில் உபரி நீரைத் திறந்துவிட்டால், இங்கே மழை விட்டு வெயில் அடிக்கும் நாளிலும் கொசஸ்தலை கரை மீறும். 2015இலும் 2021இலும் 2023இலும் அங்கே படகு ஓடியது. அந்த 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெயும் கலந்து வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாக எர்ணாவூர், காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் வரை போனது. வடிந்த பிறகு அந்த வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுவரில் கறுப்பாக ஒரே சீரான கோடு. அதற்குக் கீழே பீரோ, மாவு டப்பா, பிள்ளைகளின் பள்ளிப் பை, தையல் மிஷினின் மிதி எல்லாம் பிசுபிசுப்பு. மண்ணெண்ணெயும் துணியும் வைத்துத் தேய்த்தார்கள், பிறகு சுண்ணாம்பு அடித்தார்கள். சுண்ணாம்பை மீறி மறுபடி மஞ்சளாகக் கோடு தெரிந்தது. வீடு பார்க்கப் போகிறவர் புதுப் பெயின்ட்டின் பளபளப்பைப் பார்க்காமல், இடுப்புயரத்தில் சுவரைத் தடவிப் பார்க்க வேண்டியது இதற்காகத்தான். பக்கத்து வீட்டுச் சுவரையும் பாருங்கள். அதற்குப் பெயின்ட் அடித்திருக்க மாட்டார்கள்.

அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின், கடலுக்கடியில் போகும் அம்மோனியா குழாய் கசிந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, வாயில் துணியைப் பொத்திக்கொண்டு சனங்கள் சாலைக்கு ஓடினார்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெற்கே பால்கனிக்குப் பார்க்கிற வாஸ்து, வடக்கே மூச்சுக்கான கேள்வி. மாலையில் ஒரு முறை, இரவு பத்து மணிக்கு மேல் ஒரு முறை அந்தத் தெருவில் போய் நின்று பாருங்கள். பகலில் தெரியாத வாடை அப்போது தெரியும். மொட்டை மாடிக்குப் போய்க் கொடிக்கம்பியை விரலால் துடையுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரத்தில் ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும் என்று ஆட்டோ ஸ்டாண்டில் கேளுங்கள்.

கடற்கரையை ஒட்டிய வீடு என்றால் கடலின் கணக்கும் உண்டு. 1870களில் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கியதிலிருந்து, வடக்கே நகர வேண்டிய மணல் தெற்கே தங்கி மெரினா அகலமானது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் அரித்துக்கொண்டே வந்தது. தெருக்களே போயின. கருங்கல் கொட்டித் தூண்டில் வளைவுகள் போட்ட பிறகு சில இடங்களில் மணல் திரும்பியிருக்கிறது, சில இடங்களில் இல்லை. நிலத்துக்கடியிலும் கடல் வருகிறது. மீஞ்சூர்ப் பக்கம் கிணறுகளில் அளவுக்கு மீறி இறைத்ததால் உப்புநீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது. மனையில் போர் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்ப்பதோடு விடாமல், ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்பு ஏறினால் கம்பி துருப்பிடித்து, கான்கிரீட் வெடித்து, கூரையிலிருந்து காரை உதிரும். பழைய ஃபிளாட் வாங்குவதானால் படிக்கட்டின் அடிப்பக்கத்தையும் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் தூண்களையும் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துப்போய்க் காட்டுங்கள். 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் அரசுக் குடியிருப்பின் ஒரு பகுதி, 24 வீடுகள், இடிந்து விழுந்தது. முதல் நாளே விரிசலைக் கவனித்தவர்கள் எல்லோரையும் வெளியேற்றியதால் உயிர்கள் தப்பின.

துறைமுகத்தின் நிழலில் வீடு வாங்குகிற எல்லா ஊர்களிலும் இதே கவலை இருக்கிறது. இந்தோனேசியாவில் வடக்கு ஜகார்த்தாவின் முவாரா பாரு பகுதியில் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சித் தரையே இறங்கி, தெரு கடல் மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் வீடுகள். சுவருக்கு வெளியே ஒரு பள்ளிவாசல் பாதி மூழ்கி நிற்கிறது. அரசு தலைநகரையே வேறு தீவுக்கு மாற்றச் சட்டம் போட்டது. ஆனால் துறைமுகத்தில் மூட்டை இறக்குபவரும் மீன் விற்பவரும் எங்கே போவார்கள்? வேலை இருக்கும் இடத்தில்தான் வீடும் இருக்க முடியும். அதனால்தான் வடசென்னையை விட்டுப் போய்விடுங்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. குழாயைச் சரியாக வைத்திருக்க வேண்டியது ஆலையின் கடமை. சாம்பலை ஆற்றில் விடாமல் இருக்க வேண்டியது மின் நிலையத்தின் கடமை. வடசென்னையில் விலை மலிவாக இருப்பதற்கு அங்குள்ள மக்கள் காரணம் இல்லை.

சொந்த வீடு வாங்கியவர் வரி கட்டுபவராகவும் வாக்காளராகவும் அங்கே வேர் விடுகிறார். மாநகராட்சியில் வார்டுதோறும் பகுதி சபை கூட்ட விதி வந்திருக்கிறது. பால் காய்ச்சிய கையோடு அதில் போய் உட்காருங்கள். கால்வாய் தூர் வாரினார்களா, ஆலையில் விபத்து என்றால் எச்சரிக்கைச் சங்கு எங்கே ஒலிக்கும், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கடிதம் எழுதிய தம்பிக்கு: மணலி புதுநகரா, எர்ணாவூரா என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். தரகர் அவசரப்படுத்துவார், அடுத்த பார்ட்டி ரெடி என்பார். முன்பணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அடைமழை பெய்யும் நாளில் உங்கள் மனைவியையும் அழைத்துக்கொண்டு இரண்டு இடத்துக்கும் போய்ப் பாருங்கள். என்ன பார்த்தீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். வடக்கே வீடு வாங்கிய மற்ற வாசகர்களும் எழுதுங்கள், ‘அ’ பதிவேட்டில் என்ன இருந்தது, மழையில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது உட்பட. பொங்கல் இதழில் அவற்றுக்கென்றே பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்