குளிர்பானப் புட்டியில் பூச்சிமருந்து

ஆலகாலம் உண்ட சிவன் அம்மையின் மடியில் தலைசாய்த்துப் பள்ளிகொண்ட சுருட்டப்பள்ளி, தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திராவின் நாகலாபுரம் மண்டலத்தில்தான் இருக்கிறது. ஈசனுக்கு நஞ்சு கழுத்தோடு நின்றது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நிற்காது. தெளித்து மிஞ்சிய பூச்சிமருந்தும் மண்ணெண்ணெயும் பழைய குளிர்பானப் புட்டியில் திண்ணையோரம் இருந்தால், தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு என்ன தெரியும்? அந்தப் புட்டியில் பெயர்ச்சீட்டும் இருக்காது; என்ன மருந்து என்று டாக்டர் கேட்டால் விழிக்க வேண்டியதுதான்.

பிள்ளை குடித்துவிட்டால் உடனே உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ புகட்டி வாந்தியெடுக்க வைக்கிறோம். கூடவே கூடாது. வாந்தியோடு மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசை வேறு ரகம்: ஓரிரு நாள் ஒன்றுமில்லாதது போலிருந்து, பிறகு கல்லீரலைச் சாய்க்கும். அதற்கு மாற்றுமருந்து இல்லை. தமிழ்நாடு அதைத் தடை செய்தது. ஆனால் எல்லையோர ஊர்களுக்கு ஒரு மாநிலத்தின் தடை மட்டும் போதுமா? இலங்கை 1995 வாக்கில் கொடிய பூச்சிமருந்துகளை ஒதுக்கியது, 1998-இல் எண்டோசல்பானையும். பத்தாண்டுகளில் தற்கொலைச் சாவு விகிதம் பாதியானது, விளைச்சல் குறையவில்லை.

தில்லி எய்ம்ஸில் தேசிய நச்சுத் தகவல் மையம் 1995 முதல் இரவுபகலாக இயங்குகிறது. கட்டணமில்லா எண் 1800 116 117. உரக்கடைதோறும் இந்த எண்ணைத் தெலுங்கிலும் தமிழிலும் எழுதி மாட்டச் சொல்ல வேளாண் துறைக்குப் பெரிய செலவில்லை. ஆபத்து என்றால் 108-ஐ அழையுங்கள். மருந்துப் புட்டியையும் கையோடு கொண்டுபோங்கள்.