மடியில் கனமில்லாதவனுக்கும் ஒரு வக்கீல்

அமெரிக்காவில் ஒரு சாதாரண நாளின் தபாலில், வங்கிக் கணக்கு விவரமும் கடைகளின் விளம்பரத் தாள்களும் வந்து விழுகிற அதே பெட்டியில், மத்திய அரசின் அட்டர்னி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதமும் வந்து சேரக்கூடும். அதன் பாஷை மிகவும் மரியாதையானது. இன்ன சட்டப் பிரிவுகளின் கீழ் நடைபெறும் கிரிமினல் விசாரணையில் தாங்கள் 'டார்கெட்' ஆகக் கருதப்படுகிறீர்கள் என்றும், தங்களைக் குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விக்கு விடையளிக்க மறுக்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்றும், தாங்கள் சொல்வது எதுவும் தங்களுக்கு எதிராகவே உபயோகிக்கப்படலாம் என்றும், சம்பந்தப்பட்ட ஆவணங்களை அழிப்பது தனிக் குற்றமாகும் என்றும், கலியாணப் பத்திரிகையின் நிதானத்தோடு அது எடுத்துச் சொல்லும். படித்து முடித்தவனுக்குத்தான் நிதானம் போய்விடுகிறது.

இந்தச் சொற்களுக்கு வரையறுத்த அர்த்தம் உண்டு. குற்றத்தோடு ஒருவரை இணைக்கும் கணிசமான சாட்சியம் கைவசம் இருப்பதாகவும், அவர் பிற்பாடு பிரதிவாதியாக நிற்கக்கூடியவர் என்றும் பிராசிக்யூட்டர் கருதினால் அவர் 'டார்கெட்'. அவருடைய நடத்தை விசாரணையின் எல்லைக்குள் வருகிறது என்ற அளவோடு நின்றால் 'சப்ஜெக்ட்'. மற்றவர்கள் வெறும் சாட்சிகள். கடிதம் குற்றப்பத்திரிகை அல்ல. 16 பேருக்குக் குறையாமலும் 23 பேருக்கு மேற்படாமலும் அமரும் கிராண்ட் ஜூரி என்னும் பிரஜைகள் குழுவில் 12 பேரேனும் சம்மதித்தாலொழிய குற்றப்பத்திரிகை பிறப்பதில்லை. கடிதம் அனுப்பியே தீரவேண்டும் என்ற கட்டாயமும் அரசுக்கு இல்லை. கொழும்பில் பிறந்த தமிழரும் பெரும் முதலீட்டு நிதியொன்றின் அதிபருமான ராஜ் ராஜரத்தினத்தின் தொலைபேசியை மாதக்கணக்கில் ஒட்டுக்கேட்டுவிட்டு, 2009 அக்டோபரில் ஒரு காலையில் நியூயார்க்கிலுள்ள அவர் வீட்டுக்கே வந்து கைது செய்தார்கள். 2011-இல் 14 குற்றச்சாட்டுகளிலும் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 11 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அந்த அதிகாலைக் கதவுத்தட்டலோடு ஒப்பிட்டால், கடிதம் பெற்றவனுக்குச் சிறிது அவகாசமாவது கிடைத்திருக்கிறது. அந்த அவகாசத்தை அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்று நாம் குழந்தைப் பருவத்திலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆகவே நம்மவர்களில் ஒருவருக்கு இத்தகைய அறிவிப்பு வந்தாலும், அல்லது எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் வாசலில் வந்து நின்றாலும், அவர் மனம் முதலில் செய்யும் காரியம் என்ன என்பதை ஊகிப்பது கடினமல்ல: உள்ளே அழைத்து, நாற்காலி போட்டு, காபி கொடுத்து, 'சார், நடந்தது இதுதான்' என்று ஆதியோடந்தமாக விளக்கிவிட்டால், எதிரே இருப்பவரும் மனிதர்தானே, புரிந்துகொண்டு போய்விடுவார் என்று நினைப்பார். பழமொழியின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கள்வர் நிறைந்த காட்டு வழிக்குச் சொன்ன அந்த வாக்கு, அமெரிக்க மத்திய விசாரணை என்னும் வழிக்குப் பொருந்தாது என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம். இந்த வழியில் பேசுகிற பேச்சே கனமாக மடியில் ஏறிக்கொள்கிறது.

காரணம், அந்நாட்டுச் சட்டத் தொகுப்பின் 18-ஆம் தலைப்பில் உள்ள 1001-ஆம் பிரிவு. மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயத்தில், முக்கியமான ஒன்றைப் பற்றித் தெரிந்தே பொய் சொல்வது, சத்தியப் பிரமாணம் ஏதும் செய்யாதிருப்பினும், வீட்டுத் திண்ணையில் சொன்னதாயினும், 5 ஆண்டுகள் வரை சிறைக்குரிய குற்றம். ப்ரோகன் என்ற ஒரு தொழிற்சங்க நிர்வாகியின் வீட்டுக்கு அதிகாரிகள் வந்து, இன்ன நிறுவனத்திடமிருந்து பணமோ பரிசோ வாங்கினீர்களா என்று கேட்டபோது, அவர் 'இல்லை' என்ற ஒற்றைச் சொல்லைச் சொன்னார். அவர் வாங்கியதைக் காட்டும் பதிவுகள் அதற்கு முன்பே அவர்கள் கையில் இருந்தன. குற்றத்தை மறுக்கும் வெறும் 'இல்லை'யைத் தண்டிக்கலாகாது என்று கீழ் நியாயஸ்தலங்கள் சில கொண்டிருந்த கொள்கையை, 1998-இல் அந்த ப்ரோகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. விடை தெரிந்த கேள்வியை அதிகாரி கேட்பது விடைக்காக அல்ல என்பதை இதைவிடத் தெளிவாக எவ்விதம் சொல்வது?

மார்த்தா ஸ்டூவர்ட்டின் கதை இன்னும் விசித்திரமானது. சமையலும் இல்ல அலங்காரமும் கற்பித்து அமெரிக்க வீடுகள் எல்லாவற்றிலும் அறிமுகமாயிருந்த அந்தச் சீமாட்டி, 2001 டிசம்பரில் ஒரு மருந்துக் கம்பெனியின் பங்குகளை விற்று, சுமார் 45,000 டாலர் நஷ்டத்தைத் தவிர்த்துக்கொண்டார். அவருடைய செல்வத்தோடு ஒப்பிட்டால் அது கருவேப்பிலைக் காசு. உள்தகவலை வைத்து வியாபாரம் செய்ததாகக் கிரிமினல் வழக்கு அவர்மீது தொடுக்கப்படவே இல்லை. விசாரணையாளர்களிடம் தாமாகச் சென்று அளித்த விளக்கங்கள் பொய் என்பதும், விசாரணைக்குத் தடை செய்தார் என்பதுமே 2004-இல் அவர்மீது ருசுவாயின. 5 மாதம் சிறையிலும் பின் 5 மாதம் வீட்டுக் காவலிலும் கழித்தார். பேசாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நிச்சயமாகச் சொல்ல யாராலும் இயலாது. ஆனால் பேசியதனால் என்ன ஆயிற்று என்பது பதிவாகிவிட்டது.

அவர் பொய் சொன்னார், மெய் சொல்பவனுக்கு என்ன பயம் என்று வாசகர் கேட்கலாம். மெய் சொல்பவனுக்கும் ஞாபகப் பிசகு உண்டு. வந்திருக்கும் இருவரில் ஒருவர் கேட்க, மற்றவர் குறிப்பு எடுக்கிறார். கைது செய்யப்படாதவனோடு நடக்கும் இந்தச் சம்பாஷணை பெரும்பாலும் ஒலிப்பதிவு செய்யப்படுவதில்லை. அலுவலகம் திரும்பி அவர்கள் எழுதும் அறிக்கையே, பிற்காலத்தில், நீங்கள் சொன்னது இன்னது என்பதற்கு ஆதாரம். அதிகாரியோ, உங்கள் கூட்டாளி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டான் என்று உங்களிடம் பொய் சொல்லலாம். அதனால் மட்டும் வாக்குமூலம் செல்லாததாகிவிடாது என்று 1969-லேயே தீர்ப்பாகியிருக்கிறது. ஒரு தரப்பின் பொய் சாமர்த்தியமாகவும், மறு தரப்பின் பொய் சிறைவாசமாகவும் முடிகிற ஒரு சம்பாஷணையில் பிரஜைக்கு மிஞ்சுவது மௌனம் ஒன்றுதான் என்றால், அந்த மௌனத்தை நாம் ஏன் இகழவேண்டும்?

பேச்சுக்கு அடுத்தபடியாக ஆசை தூண்டுவது, அழிப்பது. கடிதம் கண்ட இரவில் பழைய மின்னஞ்சலையும் வாட்ஸ்அப்பையும் துடைக்கத் தொடங்குகிறவன், இல்லாத குற்றத்துக்கும் உருவம் கொடுத்துவிடுகிறான். விசாரணையைத் தடுக்கும் நோக்கோடு ஆவணத்தை அழிப்பதற்கு, 2002-இல் இயற்றப்பட்ட சட்டம் 20 ஆண்டுகள் வரை விதிக்கிறது. உலகெங்கும் சுமார் 85,000 பேர் வேலை பார்த்த ஆர்தர் ஆண்டர்சன் என்ற தணிக்கை நிறுவனம், தன் கட்சிக்காரரான என்ரான் கம்பெனி சம்பந்தப்பட்ட காகிதங்களை அழித்ததற்காக, பழைய சட்டத்தின் கீழேயே 2002-இல் குற்றவாளி ஆயிற்று. ஜூரிக்குத் தந்த அறிவுறுத்தல் தவறு என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஏகமனதாக ரத்து செய்தபோது, காப்பாற்றுவதற்கு நிறுவனம் என்று ஒன்று மிச்சமில்லை. புதிய சட்டத்தை மீன் மீதும் பிரயோகித்துப் பார்த்தார்கள் என்பது வேடிக்கை: அளவில் சிறிய மீன்களைக் கடலில் எறியச் செய்த ஒரு படகுத் தலைவர் அதன்படி 30 நாள் சிறையிருந்தார், மீன் அந்தச் சட்டம் கருதும் பொருள் அல்ல என்று 2015-இல் ஒன்பது நீதிபதிகளில் ஐவர் சொன்ன பின்பே அந்தக் குற்றத்தீர்ப்பிலிருந்து விடுபட்டார்.

நண்பரிடம் மனம் விட்டுப் புலம்புவதும் ஆபத்துதான். அவரை நாளை சாட்சியாக அழைக்கலாம். அலுவலகத்தில் பரிவோடு விசாரிக்கும் கம்பெனி வக்கீல் கம்பெனியின் வக்கீலே அன்றி உங்களுடையவர் அல்லர். நீங்கள் அவரிடம் சொன்னதை வெளியிடுவதா, காப்பதா என்று தீர்மானிக்கும் உரிமை கம்பெனியைச் சேர்ந்தது. உங்களுக்கென்று நீங்கள் அமர்த்திய வக்கீலிடம், ஆலோசனை வேண்டிச் சொல்வதே பத்திரமானது. கிராண்ட் ஜூரியின் அறைக்குள் அவருக்கும் அனுமதி இல்லை. சாட்சி எழுந்து வெளியே வந்து அவரைக் கலந்து மீண்டும் உள்ளே போகவேண்டும். ஆயினும் அரசோடு பேசவேண்டிய தருணம் எது, பேசாதிருக்கவேண்டிய தருணம் எது, பேசினால் எந்தப் பாதுகாப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு பேசுவது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்த வித்தை. பேச்சு அவர் வாய்வழியே போகட்டும்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள் நம்மவர்கள். கல்யாணப் பேச்சுக்கு அது சரி. தமக்கு எதிராகத் தாமே சாட்சியாக ஒருவர் நிர்ப்பந்திக்கப்படலாகாது என்று அமெரிக்க அரசியல் சாசனத்தின் 5-ஆம் திருத்தம் கூறுகிறது. நம் சாசனத்தின் 20(3) பிரிவும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதே காப்பை அளிக்கிறது. அந்தக் காப்பு குற்றவாளிக்கு மட்டுமன்று, எல்லாவற்றையும் மறுக்கிற நிரபராதிக்கும் உரியது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2001-இல் தெளிவாக்கியது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டால் உண்மை எவ்விதம் வெளிவரும் என்ற ஆட்சேபத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் சம்மன் அனுப்பிக் காகிதங்களை வரவழைக்கவும், வீட்டைச் சோதனையிடவும், நீதிபதியின் உத்தரவோடு தொலைபேசியைக் கேட்கவும் வல்ல ஓர் அரசு, தன் வழக்கை நிரூபிக்கப் பிரதிவாதியின் பதற்றத்தையே நம்பியிருக்கவேண்டியதில்லை. ஒன்று மட்டும் ஞாபகமிருக்கவேண்டும்: வெறுமனே தலைகுனிந்து மௌனமாக இருந்தால் போதாது, கைதாகாமல் பேசிக்கொண்டிருந்தவன் ஒரு கேள்விக்கு மட்டும் வாளாவிருந்ததையே அவனுக்கெதிராக எடுத்துக்காட்ட 2013-இல் அனுமதி கிடைத்துவிட்டது. ஆகையால் வாய் திறந்து, மரியாதையோடு, 'என் வக்கீல் உங்களோடு பேசுவார்' என்று சொல்லவேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்க்கு, பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தை அணுகும் வழியைப் பல கடிதங்களே குறிப்பிடுகின்றன. விசாவிலோ கிரீன் கார்டிலோ வாழ்கிறவர்க்கு இன்னொரு கவலையும் உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் அபாயம் உண்டா என்பதைக் கட்சிக்காரருக்குச் சொல்வது வக்கீலின் கடமை என்று 2010-இல் தீர்ப்பளித்த வழக்கு, 40 ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டில் வாழ்ந்து, அதன் ராணுவத்தில் வியட்நாமில் பணியாற்றிய ஒருவருடையது. நாற்பது வருஷ வாசமும் அவருக்கு அரணாகவில்லை.

டல்லாஸிலோ நியூஜெர்சியிலோ இருக்கும் உங்கள் மகனோ மகளோ, அப்படி ஒரு கடிதம் வந்திருக்கிறது என்று இரவு போன் செய்தால், என்ன நடந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மனம் கேட்கத் துடிக்கும் என்று தெரியும். வக்கீல் வைத்தாயிற்றா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிடுங்கள்.