பொடியை மென்மையாக்கலாம், ஈயத்தைச் சலித்து எடுக்க முடியாது

ஐ ஷேடோவுக்கான லூஸ் பிக்மென்ட், அதாவது அழுத்தி வில்லையாக்காத வெறும் நிறப்பொடி, ஆன்லைனில் சின்னச் சின்ன டப்பாக்களில் கிடைக்கிறது. வாங்கிய பிறகுதான் புகார் தொடங்கும்: ‘திட்டுத் திட்டா ஒட்டுது’, ‘கன்னத்துல எல்லாம் கொட்டுது’, ‘மதியத்துக்குள்ள காணாமப் போயிடுது’. பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டில் காலை ஷிஃப்ட்டுக்குக் கிளம்புகிறவருக்கும் சரி, சென்னை ஓ.எம்.ஆரில் கேப் பிடிக்கிறவருக்கும் சரி, பிரச்சினை ஒன்றுதான். இதை வீட்டிலேயே சரிசெய்யலாமா? பெரும்பாலும் செய்யலாம். ஆனால் வீட்டில் சரிசெய்யவே முடியாத விஷயம் ஒன்றும் இருக்கிறது.

பொடி ஏன் சொரசொரப்பாக இருக்கிறது?

நிறப்பொடிகளில் இரண்டு வகை முக்கியம். மங்கலான மேட் நிறங்கள் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு போன்றவை. இவற்றின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டும். திட்டு விழுவது இதனால்தான். மினுமினுக்கும் நிறங்களில் மைக்கா என்கிற அபிரகம் இருக்கும். அது மிக மெல்லிய தகடுகளாக இருப்பதால்தான் ஒளி பட்டுத் தெறிக்கிறது.

ஆகவே வைத்தியமும் வேறு வேறு. மேட் பொடியை மெல்லிய துணியில் சலித்து, ஸ்பூனின் பின்புறத்தால் நன்றாகத் தேய்த்துவிடலாம். சித்த மருந்து செய்பவர்கள் ‘வஸ்திரகாயம்’ என்று சொல்வது இந்தத் துணிச் சலிப்பைத்தான். மைக்கா பொடியைத் தேய்க்கவோ மிக்ஸியில் போடவோ கூடாது. தகடு உடைந்தால் மினுமினுப்பும் போச்சு. மெதுவாகக் கிளறினால் போதும்.

வழுவழுப்புக்கும் ஒட்டுவதற்கும் என்ன செய்வது?

நான்கு பங்கு நிறப்பொடிக்கு ஒரு பங்கு மக்காச்சோள ஸ்டார்ச் சேர்த்தால் பொடி வழுவழுப்பாகும், எண்ணெய்ப் பசையையும் உறிஞ்சும். இங்கே பெரம்பலூர்க்காரர்களுக்கு ஒரு குழப்பம் வரலாம். மக்காச்சோளம் நம் மாவட்டத்தின் முக்கியப் பயிர். ஆனால் மில்லில் அரைத்து வாங்கும் மஞ்சள் மாவு இதற்கு உதவாது. அதில் நாரும் எண்ணெயும் சேர்ந்தே இருக்கும். கடையில் ‘கார்ன் ஃப்ளோர்’ என்று வெள்ளை வெளேரென்று விற்கிறார்களே, அதுதான் ஸ்டார்ச்.

ஒட்டுவதற்கு எண்ணெய். ஒரு டீஸ்பூன் பொடிக்கு இரண்டு சொட்டு ஜோஜோபா எண்ணெயில் தொடங்குங்கள். விரல்களுக்கிடையே அழுத்தினால் வடிவம் நிற்க வேண்டும், லேசாகத் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். வீட்டில் குங்குமம் செய்தவர்கள் கடைசியில் துளி நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

தண்ணீரோ பன்னீரோ வேண்டவே வேண்டாம். ஈரமும் ஸ்டார்ச்சும் சேர்ந்தால் கிருமி வளரும். அதைக் கண்ணருகே பூசுவது ஆபத்து. ஒரு மாதத்துக்கு ஆகும் அளவு மட்டும் கலந்து வையுங்கள். கலக்கும்போது ஃபேனை நிறுத்திவிட்டு மாஸ்க் போடுங்கள். இந்த நுண்ணிய தூசி நுரையீரலுக்குள் போகக் கூடியது.

எதைக் கலக்கவே கூடாது?

பழைய வீடுகளின் சிவப்புத் தரைக்குப் போடும் ரெட் ஆக்சைடும் இரும்பு ஆக்சைடுதான். ‘அதே கெமிக்கல்தானே, விலை கம்மி’ என்று தோன்றலாம். ஆனால் தரைக்கு வரும் பொடியில் ஈயம், ஆர்சனிக் எவ்வளவு என்று யாரும் அழகுசாதனத் தரத்துக்குப் பார்ப்பதில்லை. கோலப்பொடி, ஹோலிப் பொடி, கிராஃப்ட் வேலைக்கான கிளிட்டர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கிளிட்டரின் கூரான ஓரம் விழியைக் கீறவும் செய்யும்.

நெற்றியில் வைப்பதாலேயே குங்குமம் பாதுகாப்பானது என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூ ஜெர்சி, மும்பை, டெல்லி கடைகளில் வாங்கிய 118 செந்தூர மாதிரிகளைச் சோதித்து 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் ஈயம் இருந்தது. இந்தியாவில் வாங்கியவற்றில் 43 சதவீதம், அமெரிக்க வரம்பான 20 பி.பி.எம்.-ஐத் தாண்டியிருந்தன.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவந்த குங்குமம், எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சளாகும். மாறாமல் சிவப்பாகவே நின்றால் வேறு சாயம் இருக்கிறது. மாறினாலும் மஞ்சள் இருக்கிறது என்றுதான் அர்த்தம், ஈயம் இல்லை என்று அல்ல. ஈயத்தை ஆய்வகத்தில்தான் கண்டுபிடிக்க முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் அழகுசாதனங்களுக்கான நிறமிகளில் ஈயம் 20 பி.பி.எம்., ஆர்சனிக் 2 பி.பி.எம். அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், உட்பொருள் பட்டியல் எல்லாம் லேபிளில் வேண்டும். ஆனால் ஜிப் கவரில் எடை போட்டு, ‘காஸ்மெட்டிக் கிரேடு’ என்று ஒரு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி வரும் பொடியில் இதில் எதைப் பார்ப்பது?

வாங்குகிறவரே உஷாராக இருக்கட்டும் என்று இதை விட்டுவிடுவது நியாயமில்லை. யாருடைய வீட்டிலும் ஈயத்தை அளக்கும் கருவி கிடையாது. ஆன்லைன் தளங்கள் உரிம எண்ணும் உட்பொருள் பட்டியலும் தெரியும் லேபிள் படம் இல்லாமல் நிறப்பொடிகளை விற்பனைக்குப் பட்டியலிடக் கூடாது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, கடைகளில் மாதிரி எடுக்கும்போது கிராம் கணக்கில் விற்கும் பிக்மென்ட்டையும் சேர்த்து எடுக்க வேண்டும், முடிவுகளைத் தமிழில் வெளியிட வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: லேபிளில் உரிம எண்ணும் பேட்ச் எண்ணும் இல்லையா, வாங்காதீர்கள். நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. அவை இருந்தால், துணியை எடுங்கள், சலிக்க ஆரம்பிக்கலாம்.